கோடு கிழித்துத் தள்ளிப்போட்ட சண்டை

1820 மார்ச் 3ஆம் தேதி காலை. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபை கூடியதும் வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் எழுந்தார். மிசூரியை அடிமை முறையோடு மாநிலமாகச் சேர்க்க முந்தைய நாள் நிறைவேறிய மசோதாவை மறுபடி வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றார். சபாநாயகர் ஹென்றி கிளே, அன்றாட மனுக்கள் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அவரை உட்கார வைத்தார். மனுக்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தபோதே கிளே மசோதாவில் கையெழுத்துப் போட, எழுத்தர் அதைச் செனட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். ராண்டால்ஃப் திரும்ப எழுந்தபோது, மசோதா இந்தச் சபையின் கையிலேயே இல்லை, மறுபரிசீலனைக்கு வழியில்லை என்று பதில் வந்தது.

ராண்டால்ஃப் அடிமைகளுக்காகப் பரிந்து பேச எழுந்தவர் அல்ல. அடிமை முறைக்கு எந்த இடத்திலும் வரம்பு வைக்கக் காங்கிரசுக்கு உரிமை கிடையாது என்ற கட்சி அவர். அவர் வாயை அடைத்த கிளேயும் கென்டக்கியில் அடிமைகளை வைத்து விவசாயம் பார்த்தவர்தான். சபாநாயகர் மேசையில் நடந்த இந்தச் சின்னக் கைவேலையால் தப்பிப் பிழைத்த ஏற்பாடு, அடுத்த 34 ஆண்டுகள் அமெரிக்காவைப் பிரியாமல் ஒட்டவைத்திருந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும், லிங்கன் அடிமைகளை விடுவிக்கப் புறப்பட்டார், தெற்கு எதிர்த்தது, போர் மூண்டது என்ற வரிசைதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் 1860 வரை காங்கிரசில் நடந்த சண்டை பெரும்பாலும் அதைப் பற்றியது அல்ல. ஏற்கெனவே அடிமை முறை இருக்கிற மாநிலங்களில் கைவைக்க மத்திய அரசுக்கு அதிகாரம் இல்லை என்பதை இரு தரப்பிலும் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள், லிங்கனும் சேர்த்து. தகராறெல்லாம் இன்னும் மாநிலமாகாத மேற்கு நிலத்தைப் பற்றித்தான். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை என்பது தனிக் கதை. வெள்ளையர் இன்னும் போய்ச் சேராத புல்வெளியில் நாளைக்கு அடிமை இருக்கலாமா கூடாதா என்று நாற்பது வருஷம் அடித்துக்கொண்டார்கள்.

காலி நிலத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை? முதல் காரணம் தலைக்கணக்கு. செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ இரண்டு இடம். பிரதிநிதிகள் சபையில் மக்கள் தொகைக்கு ஏற்ப இடம். 1787இல் பிலடெல்பியாவில் அரசியலமைப்பை எழுதும்போது தெற்கு இந்தக் கணக்கில் ஒரு பேரத்தை முடித்துக்கொண்டது. இடங்களை ஒதுக்கும்போது அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கு மக்கள் தொகையோடு சேரும். அந்த மனிதர்களுக்கு ஓட்டுக் கிடையாது, சொந்த உடம்பின் மேலேயே உரிமை கிடையாது. ஆனால் அவர்களை எண்ணிக் காட்டி அவர்களுடைய முதலாளிகளின் மாநிலம் கூடுதல் இடம் வாங்கிக்கொள்ளும். ‘அடிமை’ என்ற சொல்லை மட்டும் அந்த ஆவணத்தில் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ‘மற்ற நபர்கள்’ என்று எழுதி வைத்தார்கள். வெட்கம் இருந்திருக்கிறது, விட்டுவிடுகிற அளவுக்கு இல்லை.

அந்தச் சலுகை இருந்தும் வடக்கின் மக்கள் தொகை வேகமாக ஏறியது. 1819இல் பிரதிநிதிகள் சபையில் வடக்குக்கு 105 இடம், தெற்குக்கு 81. ஆகவே தெற்குக்கு மிஞ்சியிருந்த அரண் செனட் ஒன்றுதான். அங்கே பாதிக்குப் பாதி நிற்கும்வரை தனக்குப் பிடிக்காத எந்தச் சட்டத்தையும் அதனால் மடக்கிப் போட முடியும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாநிலமும் செனட்டில் இரண்டு ஓட்டு. நிலத்துக்காக நடந்ததாகத் தெரிகிற சண்டையில் பாதி இந்த இரண்டு ஓட்டுக்கானது.

இரண்டாவது காரணம் பருத்தி. 1780களில், அடிமை முறை நாளடைவில் தானாகத் தேய்ந்துபோகும் என்று தெற்கிலேயே சிலர் நம்பினார்கள். 1793இல் ஈலை விட்னி பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்தைச் செய்தார், நாம் ஜின்னிங் என்கிறோமே, அதுதான். குட்டை இழைப் பருத்தியைச் சுத்தம் செய்வது மலிவானது. இங்கிலாந்தின் லங்காஷையர் மில்கள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டன. 1790இல் ஏறத்தாழ 7 லட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808லேயே தடை செய்யப்பட்டுவிட்டதால் உள்நாட்டு வியாபாரம் கொழுத்தது. வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் புகையிலை போட்டுப் போட்டு மண் களைத்திருந்தது. அங்கிருந்த முதலாளிகள் மனிதர்களை மிசிசிப்பிக்கும் அலபாமாவுக்கும் விற்றுப் பணம் பார்த்தார்கள். போருக்கு முந்தைய எழுபது வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இப்படி மேல் தெற்கிலிருந்து கீழ்த் தெற்குக்கு நகர்த்தப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். மேற்கே புது நிலம் திறந்தால் பழைய வர்ஜீனியாவில் அடிமையின் விலை ஏறும். அதனால் கிழக்கை விட்டு நகரப்போகாத முதலாளிக்கும் மேற்கு நிலத்தில் அக்கறை இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் மிசூரி வந்தது. 1803இல் நெப்போலியனிடம் ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய லூசியானா நிலத்தின் ஒரு துண்டு அது. 1819 பிப்ரவரியில் மாநிலமாகச் சேர்க்கும் மசோதா வந்தபோது, நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மாட்ஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மிசூரிக்குள் இனிமேல் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது. அங்கே இனிப் பிறக்கும் அடிமைக் குழந்தைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். அவ்வளவுதான். அப்போது அங்கே இருந்த சுமார் பத்தாயிரம் அடிமைகளை அது தொடவே இல்லை. இதுவே பிரதிநிதிகள் சபையில் ஜெயித்து, செனட்டில் தோற்றது. ஒரு வருஷம் இழுபறி. வருஷக் கடைசியில் அலபாமா சேர்ந்ததும் கணக்கு 11க்கு 11 என்று சரியாக நின்றது. அடுத்து யார் வந்தாலும் தராசு சாயும்.

வெளியேறும் வழியை வடகிழக்கு மூலையில் இருந்த மெய்ன் தந்தது. மாசசூசெட்சிலிருந்து பிரிந்து தனி மாநிலமாகக் கேட்டுக்கொண்டிருந்த பகுதி அது. மெய்ன் அடிமையில்லா மாநிலமாக வரட்டும், மிசூரி அடிமை மாநிலமாக வரட்டும். லூசியானா நிலத்தின் மீதிப் பகுதியில் 36 டிகிரி 30 நிமிட அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமை முறை என்றென்றைக்கும் கூடாது. கோட்டை முன்மொழிந்தவர் இல்லினாய் செனட்டர் ஜெஸ்ஸி தாமஸ். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும்: மிசூரி மாநிலத்தில் ஏறக்குறைய முழுவதும் அந்தக் கோட்டுக்கு வடக்கேதான் இருக்கிறது. விதியை எழுதிய அதே தாளில் விதிவிலக்கும் எழுதப்பட்டது.

மொத்தமாக வைத்தால் தேறாது என்று தெரிந்து கிளே தனித்தனியாக வாக்கெடுப்பு நடத்தினார். மிசூரியில் அடிமை முறையை அனுமதிப்பது 90க்கு 87 என்ற கணக்கில் தப்பியது. வடக்கிலிருந்து 14 பேர் தெற்கோடு சேர்ந்து ஓட்டுப் போட்டதால் வந்த வெற்றி. ராண்டால்ஃப் அவர்களுக்கு மாவு முகங்கள் என்று பட்டப்பெயர் வைத்தார்; தன் பக்கம் ஓட்டுப் போட்டவர்களையே அவர் மதிக்கவில்லை. அடுத்த நாற்பது வருஷம் அந்தப் பட்டம் அமெரிக்க அரசியலில் புழங்கியது. கோடு தொடர்பான வாக்கெடுப்போ 134க்கு 42 என்று எளிதாகத் தேறியது.

மான்டிசெல்லோவில் ஓய்விலிருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கு அப்போது 77 வயது. நள்ளிரவில் அடிக்கும் தீ மணியைப் போல இந்தச் செய்தி தன்னை எழுப்பித் திகிலூட்டியது என்று ஏப்ரலில் ஒரு கடிதம் எழுதினார். ஓநாயைக் காதைப் பிடித்து வைத்திருக்கிறோம், பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை, பத்திரமாக விட்டுவிடவும் முடியவில்லை என்பதும் அதே கடிதத்தில்தான். புலிவால் பிடித்த கதை நமக்குப் பழகியது. ஓநாய் பிடியில் இருப்பதாக எழுதியவரின் வீட்டு வேலை, வயல் வேலை எல்லாவற்றையும் அடிமைகள்தான் செய்தார்கள் என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தக் கடிதம் முழுதாகப் புரியும்.

பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த கால் நூற்றாண்டில் கோடு வேலை செய்தது. ஆர்கன்சா வந்தால் கூடவே மிச்சிகன், ஃப்ளோரிடாவும் டெக்சசும் வந்தால் பின்னால் அயோவாவும் விஸ்கான்சினும் என்று ஜோடி ஜோடியாக மாநிலங்கள் சேர்ந்தன. பேச்சையும் அடக்கி வைத்தார்கள். அடிமை முறைக்கு எதிராக வரும் மனுக்களை வாசிக்காமலே ஓரங்கட்டும் விதியை 1836இல் பிரதிநிதிகள் சபை கொண்டுவந்தது. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் தள்ளாத வயதில் எட்டு வருஷம் மல்லுக்கட்டி 1844இல் அதை ஒழித்தார்.

என் பார்வையில் 1820 ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றே. அப்போது கையில் இருந்த நிலத்துக்கு மட்டும் அது பதில் சொன்னது. நிலம் அதிகமானால்?

அதிகமானது. 1846இல் மெக்சிகோவோடு போர், 1848இல் ஒப்பந்தம், கலிபோர்னியா முதல் நியூ மெக்சிகோ வரை அமெரிக்கா வசம். போர் தொடங்கிய மூன்றே மாதத்தில் பென்சில்வேனியாவின் டேவிட் வில்மாட், மெக்சிகோவிடமிருந்து வாங்கும் எந்த நிலத்திலும் அடிமை முறை கூடாது என்று ஒரு நிதி மசோதாவில் நிபந்தனை சேர்த்தார். திரும்பத் திரும்பப் பிரதிநிதிகள் சபையில் ஜெயித்துச் செனட்டில் தோற்ற நிபந்தனை அது. அடிமைகள் மேல் தனக்குத் தனிப் பரிவு ஒன்றும் இல்லை, வெள்ளைத் தொழிலாளி அடிமைக் கூலியோடு போட்டி போடாமல் பிழைக்க இடம் வேண்டும் என்பதே தன் நோக்கம் என்று வில்மாட் வெளிப்படையாகவே சொன்னார். வடக்கின் எதிர்ப்பில் இந்த ரகம் நிறையவே உண்டு. எதிர்த்தவர்களை எல்லாம் மகாத்மாக்களாக வரைந்துவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் விளங்காது.

1848 ஜனவரியில் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. உலகமே அங்கே ஓடியது. ஓடிப்போனவர்கள் 1849இலேயே அடிமை முறையைத் தடை செய்து அரசியலமைப்பு எழுதி, எங்களை மாநிலமாகச் சேருங்கள் என்று வாசலில் வந்து நின்றார்கள். ஜோடிக்கு அடிமை மாநிலம் ஒன்றும் தயாராக இல்லை. செனட் கணக்கு 15க்கு 15. போதாததற்கு 36.30 கோட்டை நேராக மேற்கே நீட்டினால் கலிபோர்னியாவை அது நடுவில் வெட்டிக்கொண்டு போகும்.

கிளே மறுபடி வந்தார். 73 வயதை நெருங்கியவர், இருமலோடு. 1850 ஜனவரி 29ஆம் தேதி செனட்டில் எல்லாத் தகராறையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்தார். அதற்குப் பிறகு நடந்த விவாதம் அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றின் பெரிய மேடை. மார்ச் 4ஆம் தேதி தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவருடைய உரையை வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேசன் வாசித்தார். கால்ஹூனுக்கு நின்று பேசத் தெம்பில்லை. வடக்கு இறங்கி வராவிட்டால் பிரிவதுதான் வழி என்பது சாரம். அந்த மாதக் கடைசியில் அவர் இறந்தார். மார்ச் 7இல் மாசசூசெட்சின் டேனியல் வெப்ஸ்டர், நாடு உடையாமல் இருக்க எதற்கும் சம்மதம் என்ற தொனியில் பேசி, சொந்த ஊரில் பேரைக் கெடுத்துக்கொண்டார். ஏப்ரலில் மிசிசிப்பி செனட்டர் ஹென்றி ஃபூட், மிசூரி செனட்டர் தாமஸ் பென்டனைப் பார்த்து அவைக்குள்ளேயே கைத்துப்பாக்கியை உருவினார்.

ஜூலையில் அதிபர் சக்கரி டெய்லர் திடீரென்று இறந்தார். அடிமைகளை வைத்திருந்த தெற்கத்திக்காரர்தான், ஆனாலும் கலிபோர்னியாவை நிபந்தனையில்லாமல் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அடுத்து வந்த மில்லர்ட் ஃபில்மோர் பேரத்துக்குத் தயார். ஆனால் அதே மாதக் கடைசியில் கிளேயின் மொத்தக் கட்டு செனட்டில் சிதறியது. களைத்துப்போன கிளே ஓய்வுக்குக் கடற்கரைக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இல்லினாயின் ஸ்டீபன் டக்ளஸ் நுழைந்தார். குள்ளமான, குரல் கனத்த, 37 வயதுக்காரர். கட்டைப் பிரித்து ஐந்து மசோதாக்களாக்கினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெரும்பான்மை திரட்டினார்: கலிபோர்னியாவுக்கு வடக்கு, ஓடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்துக்குத் தெற்கு, இரண்டு பக்கத்திலும் நடுவில் நின்ற கொஞ்சம் பேர் ஒவ்வொரு முறையும் தராசைச் சாய்த்தார்கள். செப்டம்பருக்குள் ஐந்தும் சட்டமாகின. டெக்சஸ் தன் எல்லைக் கோரிக்கையை விட்டுக்கொடுத்து ஒரு கோடி டாலர் வாங்கிக்கொண்டது. தலைநகரில் அடிமைச் சந்தை மூடப்பட்டது, அடிமை முறை தொடர்ந்தது. நியூ மெக்சிகோவும் யூட்டாவும் மாநிலமாகும்போது தாங்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விடப்பட்டன.

இதற்கும் சமரசம் என்றுதான் பெயர். சமரசம் என்றால் இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கைகுலுக்குவது. இங்கே செனட்டில் ஐந்து மசோதாக்களுக்கும் சேர்த்து ஆதரவளித்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். தனக்குப் பிடிக்காததற்கு எந்தப் பக்கமும் சம்மதிக்கவில்லை. எண்ணிக்கையில் தோற்றது, அவ்வளவே. சிலர் பிடிக்காத வாக்கெடுப்பின்போது அவையில் தலையே காட்டவில்லை.

ஐந்தில் விஷம் இருந்தது தப்பியோடிய அடிமைகள் சட்டத்தில். அரசியலமைப்பிலேயே இதற்கு வழி இருந்தது, 1793இல் ஒரு சட்டமும் இருந்தது. 1850 சட்டம் அதற்குப் பல் வைத்தது. தப்பி வந்தவர் என்று ஒருவரைப் பிடித்துக் காட்டினால் போதும், மத்திய அரசு நியமித்த கமிஷனர் தீர்ப்புச் சொல்வார். ஜூரி கிடையாது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்லக் கூடாது. ஆளை முதலாளியிடம் ஒப்படைத்தால் கமிஷனருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்று விளக்கம் சொன்னார்கள்; வடக்கில் ஒருவரும் அதை நம்பவில்லை. பிடிக்க உதவி கேட்டால் வழியில் போகிற குடிமகனும் உதவியாக வேண்டும். மறைத்து வைத்தாலோ தப்பவிட்டாலோ 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும்.

1820 கோட்டின் அழகே, பாஸ்டனில் இருப்பவருக்கு அடிமை முறை கண்ணில் படாது என்பதில்தான் இருந்தது. அது எங்கோ தெற்கே, கோட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பேரங்களில் எப்போதும் உட்கார வைக்கப்படாத தரப்பு ஒன்று உண்டு, அடிமைகள். அவர்கள் கோட்டை மதிக்கவில்லை. இரவில் நடந்து ஒஹையோ ஆற்றைத் தாண்டி வடக்கே வந்தார்கள். நிலத்தைப் பங்கு போடுவதாக இருந்த வரை பேரம் படிந்தது. ஓடி வந்து வேலைக்குச் சேர்ந்து, பக்கத்துத் தெருவில் குடும்பம் நடத்துகிற மனிதரைப் பங்கு போட வேண்டி வந்தபோது படியவில்லை. தெற்கு தன் சொத்தைக் காப்பாற்றக் கேட்ட சட்டம், வடக்கில் இருந்த சோம்பலான பொதுஜனத்தை எதிர்ப்பாளராக்கியது. தெற்குக்கு இதைவிட நஷ்டமான வெற்றி வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

இதன் உச்சம் 1854இல் வந்தது, அதுவும் அடுத்த பேரம் முடிந்த அதே வாரத்தில்.

டக்ளசுக்குச் சிகாகோவிலிருந்து பசிபிக் கடல் வரை ரயில் பாதை வேண்டும். பாதை போகிற நிலத்துக்கு ஓர் அரசாங்கம் வேண்டும். அந்த நிலம் கோட்டுக்கு வடக்கே, 1820 சட்டப்படி அடிமை முறைக்குத் தடை உள்ள இடம். செனட்டில் தெற்கின் ஓட்டு இல்லாமல் மசோதா தேறாது. தெற்கு கேட்ட விலை அந்தத் தடை. முதலில் டக்ளஸ் பூசி மெழுகிப் பார்த்தார். கென்டக்கி செனட்டர் ஆர்ச்சிபால்ட் டிக்சன், தடையை வெளிப்படையாக ரத்து செய்தே ஆக வேண்டும் என்று நின்றார். டிக்சன் உட்கார்ந்திருந்தது யாருடைய இடம் தெரியுமா? 1852இல் காலமான ஹென்றி கிளேயின் இடம்.

கடைசியில் கன்சாஸ், நெப்ராஸ்கா என்று இன்னும் மாநிலமாகாத இரண்டு பிரதேசங்கள். அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்வார்கள். 1820 தடை ரத்து. மக்களே தீர்மானிக்கட்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் மிசூரி ஏற்பாடு மக்கள் மனதில் புனிதமாகிவிட்டது, அதைக் கலைக்க எந்தக் கையும் துணியாது என்று பேசியவரும் இதே டக்ளஸ்தான். பிரதிநிதிகள் சபையில் 113க்கு 100. அதிபர் ஃபிராங்கிளின் பியர்ஸ் மே 30இல் கையெழுத்திட்டார்.

மே 24இல் பாஸ்டனில் அந்தோனி பர்ன்ஸ் என்ற இருபது வயது இளைஞர் பிடிபட்டிருந்தார். வர்ஜீனியாவிலிருந்து தப்பி வந்து ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். கமிஷனர் திருப்பி அனுப்பத் தீர்ப்பளித்தார். ஜூன் 2ஆம் தேதி, ஒரு மனிதரைக் கப்பலேற்ற ராணுவமும் மாநிலப் படையும் தெருவின் இரு பக்கமும் நிற்க வேண்டியிருந்தது. கட்டடங்களில் கறுப்புத் துணி, ஒரு சவப்பெட்டி கூடத் தொங்கியது. மில் முதலாளி ஏமஸ் லாரன்ஸ் எழுதினார்: ராத்திரி படுக்கும்போது பழைய சமரசவாதிகளாகப் படுத்தோம், எழுந்தபோது வெறிபிடித்த அடிமை ஒழிப்புவாதிகளாக எழுந்தோம். பர்ன்சை அடுத்த ஆண்டு பாஸ்டன்காரர்கள் பணம் திரட்டி 1,300 டாலருக்கு விலைக்கு வாங்கி விடுவித்தார்கள்.

ஒரே வாரத்தில் வடக்கு இரண்டையும் பார்த்தது. தாங்கள் ஏற்றுக்கொண்ட கசப்பான சட்டம் துப்பாக்கி முனையில் அமலாகிறது. தங்களுக்குச் சாதகமான ஒரே பழைய சட்டம் அழிக்கப்படுகிறது. அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சி அந்த அடியில் கரைந்தது. அடிமை முறை இனி ஓர் அங்குலம் பரவக் கூடாது என்ற ஒற்றைக் கோரிக்கையோடு குடியரசுக் கட்சி பிறந்தது. தன் கொடும்பாவி எரியும் வெளிச்சத்திலேயே பாஸ்டனிலிருந்து சிகாகோ வரை பயணம் போகலாம் என்று டக்ளசே சொல்லிக்கொண்டார்.

கன்சாசில் மக்கள் தீர்மானித்த லட்சணத்தை ஒரு கணக்கே சொல்லும். 1855 மார்ச் 30இல் சட்டமன்றத் தேர்தல். அதற்குச் சற்று முன் எடுத்த கணக்கெடுப்பில் தகுதியுள்ள வாக்காளர்கள் 2,905. பெட்டியில் விழுந்த ஓட்டு ஆறாயிரத்துக்கும் மேல். மிசூரியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு எல்லை தாண்டி வந்து, கள்ள ஓட்டைக் குத்திவிட்டு வீடு திரும்பினார்கள். அவர்களைத் திரட்டியவர்களில் மிசூரியின் டேவிட் ஆச்சிசன் முக்கியமானவர். அந்த மாதத் தொடக்கம் வரை செனட்டராக இருந்தவர். நியூ இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் போட்டி அரசாங்கம் அமைத்தார்கள், துப்பாக்கியும் வரவழைத்தார்கள். 1856 மே 21இல் கன்சாசில் அடிமை முறை எதிர்ப்பாளர்களின் ஊரான லாரன்ஸ் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், கன்சாஸ் கொடுமை பற்றிப் பேசிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை அவர் இருக்கையிலேயே வைத்துக் கைத்தடியால் மண்டை பிளக்க அடித்தார் தென் கரோலினாவின் பிரெஸ்டன் புரூக்ஸ். மே 24 இரவு அடிமை ஒழிப்புவாதி ஜான் பிரவுனும் கூட்டாளிகளும் கன்சாசின் பொட்டவாட்டமி ஓடைக்கரையில் எதிர்த்தரப்பின் ஐந்து பேரை வாளால் வெட்டிக் கொன்றார்கள். நான்கே நாட்கள்.

காங்கிரசால் முடியாததை நீதிமன்றம் முடித்து வைக்கும் என்று அடுத்த அதிபர் ஜேம்ஸ் புக்கானன் நம்பினார். 1857 மார்ச் 6இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று தீர்ப்பளித்தது. கோட்டுக்கு வடக்கே பல ஆண்டுகள் எஜமானரோடு வாழ்ந்ததால் தனக்கு விடுதலை உண்டு என்று கேட்டவர் ஸ்காட். கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களே அல்ல என்றார் தலைமை நீதிபதி ரோஜர் டேனி. அதோடு நிறுத்தவில்லை, பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமே கிடையாது, மிசூரி தடை தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றார். அதாவது, ராண்டால்ஃபின் வாதம் 37 வருஷம் கழித்து ஜெயித்தது. இது டக்ளசையும் சேர்த்து அடித்தது: காங்கிரசுக்கே இல்லாத அதிகாரம் அது உருவாக்கிய பிரதேசத்துக்கு எப்படி வரும்? விட்டுக்கொடுக்க இனி யார் கையிலும் எதுவும் இல்லை. பரவாமல் தடுப்பதையே கொள்கையாகக் கொண்ட கட்சியின் கொள்கை சட்டவிரோதம் என்று ஆகிவிட்டது. கட்சியோ இன்னும் வளர்ந்தது.

1860 நவம்பரில் லிங்கன் ஜெயித்தார். நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டு. கீழ்த் தெற்கில் வாக்குச்சீட்டிலேயே அவர் பெயர் இல்லை. டிசம்பர் 20இல் தென் கரோலினா பிரிந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, இன்னொரு கென்டக்கிக்காரர், எழுபதைத் தாண்டிய ஜான் கிரிட்டன்டன், செனட்டில் கடைசிப் பேரத்தை வைத்தார். பழைய 36.30 கோட்டையே மறுபடி எடுத்துத் தூசி தட்டி, பசிபிக் வரை நீட்டினார். கோட்டுக்குத் தெற்கே, இப்போது இருக்கிற நிலத்திலும் இனிமேல் கிடைக்கப்போகிற நிலத்திலும் அடிமை முறைக்குப் பாதுகாப்பு உண்டு.

‘இனிமேல் கிடைக்கப்போகிற’ என்ற சொற்களில்தான் பேரம் உடைந்தது. தெற்கின் கண் கியூபாவின் மேல் இருந்தது ஊரறிந்த விஷயம். வில்லியம் வாக்கர் என்ற சாகசக்காரர் சில வருஷத்துக்கு முன்தான் நிகராகுவாவைப் பிடித்து அங்கே அடிமை முறையைச் சட்டமாக்கிப் பார்த்திருந்தார். கோட்டை நீட்டினால் தெற்கே நிலம் பிடிக்கக் கிளம்புவார்கள், பழைய கதை திரும்பத் தொடங்கும் என்று லிங்கன் கணித்தார். வேறு எதிலும் வளைந்துகொடுக்கலாம், தப்பியோடியவர்கள் சட்டத்தில்கூட. பரவுவதில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்கு ஸ்ப்ரிங்ஃபீல்டிலிருந்து கடிதம் கடிதமாக எழுதினார். இந்தப் பிடிவாதத்தால்தான் போர் வந்தது என்று இன்றும் சிலர் அவரைக் குறை சொல்வதுண்டு. அவருக்கு முன்னால் நாற்பது வருஷம் மற்றவர்கள் வளைந்து பார்த்ததன் பலன் கண்ணெதிரே இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1861 மார்ச்சில் கிரிட்டன்டனின் திட்டம் செனட்டில் 20க்கு 19 என்று தோற்றது.

ஆனால் அதே நாட்களில் இன்னொன்று நிறைவேறியது, பலரும் மறந்துவிட்ட ஒன்று. ஒஹையோவின் தாமஸ் கார்வின் பெயரால் வழங்கும் திருத்தம்: மாநிலங்களுக்குள் இருக்கும் அடிமை முறையில் தலையிடும் அதிகாரத்தைக் காங்கிரசுக்குக் கொடுக்கும் எந்தத் திருத்தமும் அரசியலமைப்பில் ஒருபோதும் செய்யப்படக் கூடாது. இரு சபையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. லிங்கன் தன் பதவியேற்பு உரையில் அதற்குத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். தெற்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குத் தேவைப்பட்டது இருக்கிற அடிமை முறைக்கு உத்தரவாதம் அல்ல, பரவுகிற அடிமை முறை. ஏழு மாநிலங்கள் அதற்குள் போய்விட்டிருந்தன. ஏப்ரல் 12 விடியற்காலை, தென் கரோலினாவில் மத்தியப் படை வசமிருந்த சம்டர் கோட்டை மேல் முதல் குண்டு விழுந்தது.

மாநிலங்கள் போதிய அளவில் ஒப்புதல் கொடுத்திருந்தால் கார்வின் திருத்தம்தான் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமாகியிருக்கும். 1861 ஏப்ரலிலேயே ஒப்புதல் கொடுத்த மாநிலம் கென்டக்கி. நான்கு வருஷப் போரும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளும் கழிந்து 1865 டிசம்பரில் உண்மையான 13ஆவது திருத்தம் அமலுக்கு வந்தது. அது அடிமை முறையை ஒழித்தது. கென்டக்கி அதை நிராகரித்திருந்தது. கிளேயும் டிக்சனும் கிரிட்டன்டனும் பிரதிநிதித்துவம் செய்த அந்த மாநிலத்தின் சட்டமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுத்தது 1976இல்.